முள்ளோடையைத் தாண்டினால் யாருடைய அரசு? பிள்ளைகளுக்கு உலகப் படமும் ஆட்சியமைப்பும் சொல்லிக்கொடுத்த அனுபவங்கள்

கடலூர், தேவனாம்பட்டினத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் சுமார் இரண்டாண்டுகள் தன்னார்வலராக இருந்தேன். அந்தப் பணி முடிந்த பிறகும் எங்கள் தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் மாலை ஐந்து மணிக்கு மேல் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு நில வரைபடமும் நாட்டின் ஆட்சியமைப்பும் சொல்லிக்கொடுத்தபோது நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

தொடக்கத்தில் நானும் பட்டியலோடுதான் தொடங்கினேன். மாநிலம், தலைநகரம், கண்டம், பெருங்கடல் என்று வரிசையாக எழுதிப் போட்டு ஒப்பிக்கச் சொன்னேன். ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் இருபத்தெட்டு மாநிலங்களையும் தலைநகரங்களோடு தடங்கலில்லாமல் சொல்லுவான். அவன்தான் ஒரு நாள் என்னிடம், "அக்கா, பாண்டி வேற நாடா?" என்று கேட்டான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் அப்படி நினைக்கிறாய் என்று கேட்டேன். அவன் தந்தை கட்டட வேலைக்காக நாள்தோறும் புதுச்சேரிக்குப் போய் வருபவர். இரண்டுக்கும் எல்லையான முள்ளோடையில் வண்டிகளை நிறுத்திச் சோதிப்பதை அவன் பார்த்திருக்கிறான். அந்தப் பக்கத்துப் போலீஸ்காரரின் தொப்பி சிவப்பாக இருக்கிறது. வண்டி எண் இங்கே டி.என். 31 என்று தொடங்க, அங்கே பி.ஒய். 01 என்று தொடங்குகிறது. பெட்ரோல் விலையும் வேறு. அவன் கவனித்தவை அத்தனையும் உண்மை. அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் புரிந்துகொள்ள ஒரு வழியை நான் கொடுத்திருக்கவில்லை என்பதே குறை. புதுச்சேரி என்ற பெயர் அவன் மனப்பாடம் செய்த மாநிலப் பட்டியலில் இல்லை. ஆகவே அது நாட்டிலேயே இல்லை என்று முடிவு கட்டியிருந்தான்.

அதன் பிறகு பட்டியலை ஓரமாக வைத்துவிட்டேன். பெற்றோரிடம் அனுமதி பெற்று ஒரு சனிக்கிழமை ஏழு பிள்ளைகளைக் கடலூர் பேருந்து நிலையத்திலிருந்து புதுச்சேரிக்கு அழைத்துச் சென்றேன். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் கடைப் பலகைகளையும் அரசுப் பலகைகளையும் படித்துச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். "தமிழ்நாடு அரசு" என்பது எந்த இடத்தில் "புதுச்சேரி அரசு" என்று மாறுகிறது என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். அந்த எல்லைக்கு இரு புறமும் அதே தமிழ், அதே வயல், அதே சவுக்குத் தோப்பு. பிறகு எதற்காக இந்தக் கோடு என்று ஒரு சிறுமி கேட்டபோதுதான் வரலாறு சொல்ல இடம் கிடைத்தது. இந்தப் பக்கம் ஆங்கிலேயர் புனித டேவிட் கோட்டையை வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டார்கள். 1947-இல் நம் பக்கம் விடுதலை பெற்றபோதும் அங்கே பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நிறைவேறியது. ஒரே தெருவில் அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவே இருக்கும் வேலியைப் போல என்று நான் சொன்னது அவர்களுக்கு எளிதில் விளங்கியது.

பாரதி பூங்காவின் எதிரே இருக்கும் சட்டப்பேரவைக் கட்டடத்தை வெளியிலிருந்தே காட்டினேன். நம் பேரவைக்கு 234 பேரைத் தேர்ந்தெடுக்கிறோம். இங்கே 30 பேர். அவர்களைத் தவிர ஒன்றிய அரசு மூன்று பேர் வரை நியமிக்கலாம் என்று சொன்னதும், வாக்கு வாங்காமல் ஒருவர் எப்படி உறுப்பினர் ஆக முடியும் என்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். 1963-ஆம் ஆண்டின் ஒன்றிய ஆட்சிப் பகுதிகள் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது என்றும், அது தொடர்பான வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தை ஏற்றுக்கொண்டது என்றும் சொன்னேன். அது சரியா என்று மேலும் கேட்டார்கள். அதற்கு நான் விடை சொல்லவில்லை. இரண்டு பக்கத்து நியாயங்களையும் சொல்லி, திரும்பும் வழியில் அவர்களையே பேசவிட்டேன். மாநிலத்துக்கும் ஒன்றிய ஆட்சிப் பகுதிக்கும் உள்ள வேறுபாட்டை அதன் பின் நான் ஒருமுறைகூடத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உலகப் படத்தை நான் அணுகிய முறையும் அதன் பிறகு மாறியது. உலக உருண்டையில் கடலூரின் மேல் விரலை வைத்து, மேலும் கீழும் போகாமல் நேர் மேற்கே நகர்த்தச் சொல்கிறேன். கள்ளக்குறிச்சியும் சேலமும் தாண்டி, வயநாட்டு மலை ஏறி இறங்கினால், அரபிக்கடல் கரையில் விரல் போய் நிற்கும் ஊர் மாகே. கேரளத்தால் சூழப்பட்டிருந்தாலும் அது புதுச்சேரி ஆட்சிப் பகுதியைச் சேர்ந்தது. இன்னும் மேற்கே போனால் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி வருகிறது. நேர் கிழக்கே கடலில் சுமார் 1,400 கிலோமீட்டர் போனால் தெற்கு அந்தமான். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் அங்கேதான் இருக்கிறது. அதுவும் ஒன்றிய ஆட்சிப் பகுதிதான், ஆனால் அங்கே சட்டப்பேரவை கிடையாது. எட்டு ஒன்றிய ஆட்சிப் பகுதிகளில் டெல்லி, புதுச்சேரி, ஜம்மு காஷ்மீர் ஆகிய மூன்றுக்கு மட்டுமே பேரவை உண்டு என்பதைப் பிள்ளைகள் அந்த ஒரு கோட்டின் வழியாகவே தெரிந்துகொண்டார்கள்.

ஒரு மாலை மட்டும் மற்றவற்றைப் போல இல்லை. ஆழிப்பேரலை நினைவு நாளான டிசம்பர் 26 அன்று கடற்கரையில் பால் ஊற்றி அஞ்சலி செலுத்துவதைப் பார்த்துவிட்டு வந்த ஐந்தாம் வகுப்புச் சிறுமி, சுமத்ரா எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அவள் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பு நடந்தது. ஆனால் அவள் வீட்டுச் சுவரில் அந்த நாளில் போனவர்களின் படம் மாலையோடு தொங்குகிறது. சொல்லலாமா வேண்டாமா என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த அவளுடைய ஆயாவே, "சொல்லும்மா, தெரிஞ்சுக்கட்டும்" என்றார். உருண்டையில் சுமத்ராவின் மேற்குக் கரையிலிருந்து நம் கரை வரை ஒரு நூலைப் பிடித்து அளந்தோம்; ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வந்தது. 2004-இல் அங்கே நிலம் அதிர்ந்தபோது நமக்குக் காலை ஆறரை மணி. இரண்டரை மணி நேரத்துக்குள் அலை இங்கே வந்துவிட்டது. அப்படியானால் இரண்டு மணி நேரம் இருந்ததே, ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று அந்தச் சிறுமி கேட்டாள். ஆயா தலையைக் குனிந்துகொண்டார். அந்த நாளில் இந்தியப் பெருங்கடலுக்கு என்று எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை என்பதையும், 2007-இல்தான் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் அமைக்கப்பட்டது என்பதையும், அது ஒன்றிய அரசின் புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது என்பதையும், அங்கிருந்து வரும் செய்தியைக் கேட்டு மக்களை மேட்டுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு மாநில அரசுக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் உரியது என்பதையும் மெதுவாகச் சொன்னேன். அரசு என்பது எதற்கு என்ற கேள்விக்கு அதைவிட நேரான விடையை நான் எந்தப் பாடத்திலும் சொன்னதில்லை. புயல் வரும்போது துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றியும் அன்றே பேசினோம். எண்ணைப் பார்த்தே அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அளவுக்கு இந்தப் பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

புதுச்சேரி, முத்தியால்பேட்டையிலிருந்து:

அம்மா, உங்கள் பதிவைப் படித்தபோது என் பேத்தியின் நினைவு வந்தது. எங்கள் உறவில் ஒரு குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமை உடையது. கைமாற்ற ஒப்பந்தத்தின்படி 1962-க்குப் பின் ஆறு மாதங்களுக்குள் எழுதிக்கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே தொடரலாம் என்றிருந்தது. அப்படி எழுதிக்கொடுத்த ஒரு சொல்தாவின் (பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவரின்) மகள் என் அத்தை முறை. 2022 ஏப்ரலில் அவர் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வாக்களிக்கப் புறப்பட்டதைப் பார்த்த என் பேத்தி, இப்போது நமக்குத் தேர்தல் இல்லையே, பெரிய பாட்டி எங்கே போகிறார் என்று கேட்டாள். பிரான்சின் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார் என்றதும், நம் குடியரசுத் தலைவருக்கு நீங்கள் எப்போது வாக்களித்தீர்கள் தாத்தா என்றாள்.

நான் ஒருபோதும் வாக்களித்ததில்லை என்பதை அவளால் நம்பவே முடியவில்லை. அங்கே மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மாநிலப் பேரவைகளிலும் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் நமக்காகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 70-ஆவது திருத்தத்துக்குப் பிறகு புதுச்சேரிப் பேரவையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. நியமன உறுப்பினர்களுக்கு இல்லை. இரண்டு நாடுகளின் முறையையும் ஒரே வீட்டுக் கூடத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைப்பதில்லை. பெரிய பாட்டி இந்தியத் தேர்தலில் வாக்களிக்க முடியாது, இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதையும் சொன்னேன். அது அவளுக்குச் சிறிது வருத்தம். உலகப் படத்தில் பாரீசையும், எங்கள் உறவினர் பலர் ஒரு காலத்தில் பிழைக்கப் போன வியட்நாமின் சைகோனையும், தமிழ் வழியினர் வாழும் ரியூனியன் தீவையும் அவள் தானாகவே தேடிக் கண்டுபிடித்தாள்.

ஆனால் அவளுடைய அடுத்த கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. பள்ளியில் வார்டு கவுன்சிலர் பெயரை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை. எழுத வேண்டிய இடத்தை வெற்றாக விடச் சொன்னேன். ஏன் வெற்றாக விட்டாள் என்பதை அதன் கீழே இரண்டு வரியில் எழுதவும் சொன்னேன். நகராட்சி, கொம்யூன் பஞ்சாயத்து (இங்கே கிராமப்புற உள்ளாட்சி) என்ற சொற்களின் பொருளை அவள் அந்த வெற்றிடத்திலிருந்துதான் கற்றாள். இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே மனம் கனக்கிறது.

லாஸ்பேட்டையிலிருந்து:

நான் அரசுப் பணியில் மாகேயிலும் ஏனாமிலும் இருந்தவள். ஏனாம் ஆந்திரத்தில் கோதாவரிக் கரையில் இருக்கிறது; அங்கே தெலுங்கு, மாகேயில் மலையாளம், புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழ். நான்கு துண்டுகளும் ஒரே பேரவையின் கீழ் வருகின்றன: புதுச்சேரிக்கு 23 தொகுதிகள், காரைக்காலுக்கு 5, மற்ற இரண்டுக்கும் ஒவ்வொன்று.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் என் மகனோடு மொட்டை மாடியில் ஒரு கம்பை நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தைக் குறித்தோம். மாகேயிலும் ஏனாமிலும் உள்ள என் பழைய தோழியர் தங்கள் பிள்ளைகளைக் கொண்டு அதையே செய்து தொலைபேசியில் சொன்னார்கள். ஏனாமில் பன்னிரண்டு மணியை ஒட்டி, எங்களுக்குப் பன்னிரண்டு பத்து அளவில், மாகேயில் ஏறக்குறைய பன்னிரண்டரைக்கு. ஒரே அரசின் கீழ் உள்ள இரண்டு ஊர்களுக்கு இடையே சூரியன் சுமார் 27 நிமிடம் பிந்துகிறது. ஆனால் கடிகாரம் எல்லோருக்கும் ஒன்றே. 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து நாடு முழுமைக்கும் ஒரே நேரம் வகுத்திருப்பதை அவன் அன்று புரிந்துகொண்டான். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நண்பகலில் நம் ஊரில் நிழலே விழாத நாள் வரும். கடலூர்ப் பிள்ளைகளும் அதைப் பார்க்கலாம் அம்மா.

மீண்டும் தேவனாம்பட்டினத்திலிருந்து:

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நன்றி. அந்த வெற்றிடத்தைப் பற்றி எழுதியதை எங்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். கடலூர் 2021-இல் மாநகராட்சி ஆனது, இங்கே 45 வார்டுகள் உண்டு. எங்கள் தெருவிளக்கு எரியாதபோது யாரிடம் மனு கொடுக்க வேண்டும் என்று அவர்கள் ஏற்கெனவே அறிவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் அப்படி ஒருவர் இல்லை என்பது அவர்களுக்குப் புதிய செய்தி.

என் சுவரில் தொங்கும் இந்தியப் படம் பழையது. அதில் 29 மாநிலங்கள். நான் அதைக் கழற்றப் போனபோது, பாண்டி வேறு நாடா என்று கேட்ட அதே சிறுவன் தடுத்தான். புதிய மாநிலங்களை அமைக்கவும் எல்லைகளை மாற்றவும் அரசமைப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது என்று முன்பே சொல்லியிருந்தேன். தெலங்கானாவின் மேல் "2014 ஜூன் 2" என்றும், ஜம்மு காஷ்மீரின் மேல் "2019 அக்டோபர் 31" என்றும் அவன் பென்சிலால் எழுதி, லடாக்கைப் பிரித்து ஒரு கோடு போட்டான். புதுச்சேரியின் சிறிய புள்ளிக்குப் பக்கத்தில் இரண்டு தேதிகளையும் எழுத இடம் போதவில்லை. கடலுக்குள் அம்புக்குறி இழுத்து, வங்காள விரிகுடாவின் நீலத்தின் மேல் எழுதி வைத்திருக்கிறான். நிழல் அளப்பதற்குக் கம்பு கொண்டுவரும் பொறுப்பையும் அவனே ஏற்றிருக்கிறான்.