காசு கொடுத்து வாங்கிய பாட்டுக்குப் பூட்டு எதற்கு?

கோத்தகிரி_கொழுந்து | சனி, இரவு 8.10

2011-இல் அம்மாவுக்காக 43 பாட்டு வாங்கினேன். அப்போது நான் வைத்திருந்த கைபேசியோடு சேர்ந்து வந்த பாட்டுக்கடையில். பெயர் வேண்டாம், அந்தக் கடையை மூடிப் பல வருடம் ஆகிறது. பாட்டு ஒன்று பத்து ரூபாய். தேயிலைக் கொழுந்து விலை கிடந்த கிடையில் 430 ரூபாய் எங்கள் வீட்டில் சின்னக் காசு இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால் ஐம்பது ரூபாய்க்கு ஒரு கார்டு நிறையப் பாட்டு ஏற்றித் தருவார்கள் என்று தெரிந்தேதான் வாங்கினேன். பாடியவருக்கும் இசை போட்டவருக்கும் ஏதாவது போய்ச் சேரட்டும் என்று.

போன வாரம் பீரோவை ஒழிக்கும்போது அந்தப் பழைய மெமரி கார்டு கிடைத்தது. கணினியில் போட்டேன். 43 கோப்பும் இருக்கின்றன. பெயர் தெரிகிறது, அளவு தெரிகிறது, ஒன்று 4 எம்பி, ஒன்று 5 எம்பி. அமுக்கினால் "இதை இயக்க உங்களுக்கு உரிமம் இல்லை" என்கிறது. உரிமம் கொடுக்க வேண்டிய சர்வரை நிறுத்திவிட்டார்கள். அம்மா பின்னால் நின்றுகொண்டு "என்னடா, பாடலையா?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

1988-இல் அப்பா ஊட்டியில் வாங்கிய கேசட் இன்றும் எங்களுடையதுதான். அக்கா கல்யாணமாகிப் போனபோது பத்து கேசட்டை எடுத்துக்கொண்டு போனாள். எந்தக் கம்பெனியும் வந்து கேட்கவில்லை.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. ஜூன் பிறந்தால் எதிலும் பூசணம் பிடிக்கும். கேசட் நாடாவின் ஓரத்தில் மாவு தூவியதுபோல வெள்ளையாக வரும். அது முழுதாகப் போகும் முன் இன்னொரு கேசட்டில் பதிந்து வைப்போம். ஊறுகாய் கெடாமல் வெயிலில் வைப்பது போலத்தான் அது. திருட்டு என்று யாரும் நினைத்ததில்லை. அந்தப் பழக்கத்துக்குத்தான் இந்த டிஆர்எம், அதாவது உரிமம் இல்லாமல் பாட்டைப் பாடவோ பிரதி எடுக்கவோ விடாத டிஜிட்டல் பூட்டு, முதலில் தடை போட்டது. வாங்கியவன் பிரதி எடுக்கவே கூடாது என்றால், நான் வாங்கியது என்ன?

குன்னூர்_சுருதி | சனி, இரவு 9.25

அம்மா விஷயம் வருத்தமாக இருக்கிறது. ஆனால் பூட்டு ஏன் வந்தது என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை, அண்ணா. நான் எழுதுகிறேன்.

குன்னூரில் சின்னதாக ஒரு ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறேன். நீலகிரிப் படுகர்கள் பேசும் படுகு மொழிப் பாட்டு பதிவு செய்கிறேன். 2011 கணக்கெடுப்பில் எங்கள் மொழி பேசுவோர் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. அதில் பாட்டு வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே யோசியுங்கள். ஒரு வருடம் எட்டுப் பாட்டு போட்டு ஆயிரம் சிடி அடித்தேன். பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகையில் கடை போட்டு, ஒன்று அறுபது ரூபாய். முதல் இரண்டு நாளில் 140 போனது. மூன்றாம் நாள் ஒரு பையன் வந்து, "இது எல்லாம் என் போனிலேயே இருக்கே" என்று என் பாட்டையே போட்டுக் காட்டினான். எந்தக் கடையில் ஏற்றினான் என்றும் சொன்னான். கடைசிக் கணக்கில் 740 சிடி வீட்டில் தங்கிவிட்டது. புல்லாங்குழல்காரருக்கும் தபலாக்காரருக்கும் காசு கொடுக்க மனைவியின் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்தோம்.

பூட்டு கெட்டது என்பவர்கள், பூட்டில்லாத என் வீட்டில் நடந்ததற்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஊட்டி_சர்வீஸ் | சனி, இரவு 10.02

கமர்ஷியல் ரோட்டுப் பக்கம் கைபேசி, கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். 2014 வரை நானும் கார்டில் பாட்டு ஏற்றித் தந்தவன்தான். அது தப்பு. சுருதி சார் மாதிரி ஆட்கள் வயிற்றில் அடிக்கிறோம் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன் சார். ஏற்றித் தந்த அத்தனை வருடத்தில் ஒரு பூட்டையும் நான் கையால் உடைத்ததில்லை. எங்களுக்கு வந்த பாட்டு எல்லாம் எங்கோ யாரோ திறந்துவிட்ட பிறகு வந்ததுதான். பாட்டு காதில் விழ வேண்டுமென்றால் கருவி அதைத் திறந்தாக வேண்டும். திறக்கும் சாவியும் அதே கருவிக்குள்தான் இருக்கிறது. ஊரில் ஒருவர் திறந்தால் போதும், மற்றவர்களுக்குப் பூட்டே கிடையாது. அதுவும் முடியாவிட்டால் ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரில் இருந்து பதிந்துகொள்வார்கள். பூட்டு பிடித்தது கொழுந்து அண்ணா மாதிரி காசு கொடுத்தவர்களை மட்டும்தான்.

2005-இல் சோனி பிஎம்ஜி என்ற பாட்டுக் கம்பெனி செய்ததைக் கேட்டிருப்பீர்கள். கடையில் காசு கொடுத்து வாங்கிய சிடியைக் கணினியில் போட்டால், பிரதி எடுப்பதைத் தடுக்கும் எக்ஸ்சிபி என்ற பூட்டு மென்பொருள் உள்ளே போய் ஒளிந்துகொண்டது. மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் தன் கணினியிலேயே அதைக் கண்டுபிடித்து அக்டோபர் 31 அன்று வெளியே சொன்னார். பெயர் ஒரு குறிப்பிட்ட எழுத்துக்கோவையில் தொடங்கினால் எந்தக் கோப்பையும் அது மறைத்துவிடும், அதனால் வைரஸ்காரர்களும் அதன் நிழலில் ஒளிந்தார்கள். நீக்குவதற்கு என்று முதலில் கொடுத்த மென்பொருள் இன்னொரு ஓட்டையைத் திறந்துவிட்டது. நவம்பரில் சிடிக்களைத் திரும்பப் பெற்றார்கள். திருட்டாகப் பாட்டு எடுத்தவன் கணினி சுத்தமாக இருந்தது, காசு கொடுத்தவன் கணினிதான் கெட்டது. நான் சொல்ல வருவது இதைத்தான்.

குன்னூர்_சுருதி | சனி, இரவு 10.40

ஒத்துக்கொண்டதற்கு நன்றி தம்பி, உண்மையாகவே.

ஆனால் சோனி செய்தது அயோக்கியத்தனம் என்பதால் பூட்டு என்பதே அயோக்கியத்தனம் ஆகிவிடாது. பெரிய கம்பெனிகள் 2007-க்குப் பிறகு பூட்டை எடுத்தது மனம் மாறி அல்ல. பாட்டுக்கு ஒன்று என்று பூட்டுவதை விட்டு, மாதச் சந்தா என்று கடையையே பூட்டிக்கொண்டார்கள். இன்று எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள், யாரும் அழவில்லை. நானும் இப்போது அதில்தான் பாட்டைப் போடுகிறேன். வருவது சொற்பம், ஆனாலும் யார் எத்தனை முறை கேட்டார்கள் என்று கணக்காவது வருகிறது. வாடகை என்று தெரிந்து குடியிருந்தால் என்ன குறை?

மன்னவனூர்_மேகம் | ஞாயிறு, காலை 6.50

கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் மன்னவனூரில் இருந்து எழுதுகிறேன். இங்கே பள்ளியில் வேலை. யாரும் அழவில்லை என்று சுருதி சார் எழுதியிருக்கிறார். நாங்கள் அழுதோம்.

ஆண்டு விழாவுக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கிராமியப் பாட்டு. சந்தா கட்டி, கைபேசியில் இறக்கி, ஒன்றரை மாதம் ஒத்திகை பார்த்தோம். ஊரில் சிக்னல் வேண்டுமென்றால் மேட்டில் ஏறி நிற்க வேண்டும். விழாவுக்கு முந்தைய வாரம் மழை, நாலு நாள் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. விழா அன்று பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள், பாட்டை அமுக்கினால் இணையத்தில் இணையுங்கள் என்கிறது. ஸ்பாட்டிஃபை மாதிரி செயலிகளில் 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் இணைய வேண்டும், இல்லாவிட்டால் இறக்கி வைத்ததும் பாடாது. இது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் கடைசியாக எப்போது மேட்டில் ஏறினேன் என்று எனக்கே நினைவில்லை. வாயால் பாடினோம். பாதிப் பிள்ளைகளுக்கு வரி தெரியாது, தாளம்தான் தெரியும். கைதட்டினார்கள், ஆனால் முன்வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண் இறங்கும்போது தேம்பிக்கொண்டே இறங்கினாள்.

வாடகை வீட்டுக்காரர்கூட மாதம் ஒரு முறை வந்து கதவைத் தட்டி "இருக்கிறாயா" என்று பார்த்துவிட்டு, பதில் இல்லை என்றால் பூட்டிக்கொண்டு போகமாட்டார்.

வாடகைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2023 மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்தது என்று ஜீ மியூசிக் கம்பெனியின் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையில் இருந்து போய்விட்டன. சந்தா கட்டியவர்களைக் கேட்டா எடுத்தார்கள்? எங்கள் ஊரில் நம்பிக் கேட்க இன்னும் கோடை பண்பலைதான் இருக்கிறது.

உதகை_வாதி | ஞாயிறு, காலை 9.15

நான் வழக்கறிஞர். சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் வைத்துப் பேசுவோம்.

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் 65ஏ என்ற பிரிவு வந்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. நோக்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்தச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத ஒரு காரியத்துக்காகத் திறந்தால் குற்றமில்லை என்று அதே பிரிவில் இருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான உபயோகத்தை 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. 2012-க்குப் பிறகு அது ஒலிப்பதிவுக்கும் பொருந்தும். அமெரிக்காவின் 1998 டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் இதைவிடக் கடுமையானது. கொழுந்து தன் 43 பாட்டை அம்மாவுக்காகத் திறந்தால் அவரைக் குற்றவாளி என்று சொல்ல நான் தயாராக இல்லை. ஊட்டி சர்வீஸ் மட்டும் ஒன்றைக் குறித்துக்கொள்ளவும். இன்னொருவருக்காகத் திறந்து கொடுப்பவர், அவர் பெயர், முகவரி, எதற்காக என்ற விவரம் அத்தனையும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் நுகர்வோர் பக்கம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மின்வணிகம் என்பதற்கான விளக்கத்திலேயே டிஜிட்டல் பொருட்கள் என்ற சொல் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். ஆனால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வர வேண்டும். மூடிய கடைக்கு அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. மேகம் அம்மா விஷயத்தில் இன்னும் காலம் இருக்கலாம், விழா எப்போது நடந்தது என்று சொல்லுங்கள்.

கோத்தகிரி_கொழுந்து | ஞாயிறு, மதியம் 1.30

430 ரூபாய்க்கு நான் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை சார். ஆனால் சட்டம் என்னைத் திருடன் என்று சொல்லவில்லை என்பதே பெரிய ஆறுதல்.

சுருதி, உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். கார்டு கடைக்காரர் செய்தது திருட்டு. அதில் சந்தேகமே இல்லை. நான் பேசுவது காசு கொடுத்தவன் நிலைமை பற்றி.

2007 பிப்ரவரியில் ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு கடிதம் எழுதினார். முந்தைய வருடம் இணையத்தில் பூட்டோடு விற்ற பாட்டு 200 கோடிக்கும் குறைவு, அதே கம்பெனிகள் பூட்டே இல்லாமல் சிடியில் விற்ற பாட்டு 2,000 கோடிக்கும் மேல், பிறகு எதைக் காக்க இந்தப் பூட்டு என்று கேட்டார். அவருக்கும் அதில் லாபக் கணக்கு இருந்திருக்கும், இருக்கட்டும். 2009-இல் ஆப்பிளின் பாட்டுக்கடையான ஐடியூன்ஸ் பாட்டுகளுக்கு முழுக்கப் பூட்டை எடுத்தது. பாட்டுத் தொழில் அதனால் செத்துவிடவில்லை.

கடையை மூடும்போது என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 2008-இல் யாகூ தன் பாட்டுக்கடை சர்வரை நிறுத்தியபோது, பூட்டில்லாத பாட்டாக மறுபடி வாங்கிக்கொள்ள கூப்பன் கொடுத்தார்கள். மைக்ரோசாஃப்ட் அதே வருடம் ஆகஸ்டோடு நிறுத்தப் போவதாகச் சொல்லி, வாங்கியவர்கள் சத்தம் போட்ட பிறகு 2011 முடியும்வரை நீட்டித்தார்கள். 2019-இல் அதே மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு ஒரு எஸ்எம்எஸ்கூட வரவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். மூடும் முன் பூட்டைத் திறந்துவிட்டுப் போக வேண்டும், முடியாவிட்டால் காசைத் தர வேண்டும். "வாங்கு" என்று பொத்தான் வைத்தால் அது வாங்கியதாக இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், உரிமம் மட்டும் கொடுத்துவிட்டு அதைத் தெளிவாகச் சொல்லாமல் வாங்கு என்று எழுதக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. அதே வரி இங்கேயும் வர வேண்டும். இதனால் உங்களுக்கு ஒரு ரூபாய் குறையுமா, சொல்லுங்கள்.

குன்னூர்_சுருதி | ஞாயிறு, மாலை 5.05

குறையாது. "வாங்கு" என்ற சொல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. கார்டு கடை விஷயத்தில் என் கோபம் அப்படியே இருக்கிறது, அது குறையாது. 2012 திருத்தம் பாட்டு எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கை உறுதி செய்தது என்று படித்தேன், சந்தோஷம். அந்தப் பங்கு எங்கள் மாதிரி அறுபது ரூபாய் சிடிக்காரன் வாசலுக்கு வந்து சேர ஒரு வழி பிறக்கும்வரை நான் பேசிக்கொண்டுதான் இருப்பேன்.

நேற்று உங்கள் பூசணக் கதையைப் படித்ததும் எழுந்து போய் என் பழைய பெட்டியைத் திறந்தேன். 2004-இல் முதல் முதலாக ஒரு கேசட் போட்டேன், 300 அடித்து முந்நூறும் விற்றுப்போனது. மாஸ்டரை, அதாவது மூலப் பதிவை, சிடியில்தான் எடுத்து வைத்திருந்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓரத்தில் இருந்து உள்ளே மரக்கிளை மாதிரிக் கோடு ஓடியிருக்கிறது. கணினி அதைப் படிக்கவே இல்லை. அதில் எங்கள் பெரியம்மா பாடிய தாலாட்டு ஒன்று இருக்கிறது. அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. வேறு எங்கும் அவர் குரல் கிடையாது.

அந்தக் கேசட் யாரிடமாவது இருந்தால், அல்லது அதிலிருந்து யாராவது கணினியில் பதிந்து வைத்திருந்தால் சொல்லுங்கள்.

ஊட்டி_சர்வீஸ் | ஞாயிறு, மாலை 6.20

சார், என்னிடம் பாட்டு ஏற்றித் தந்த காலத்து ஹார்ட் டிஸ்க் இரண்டு கிடக்கிறது. ஒன்றில் "படுகா பழசு" என்று ஒரு ஃபோல்டர் போட்டிருந்தேன். ஒரு டிஸ்க் சத்தம் போடும், ஆனால் ஓடும். இன்று ராத்திரியே போட்டுப் பார்க்கிறேன். கேசட்டின் பெயரைத் தனியாக அனுப்புங்கள்.

குன்னூர்_சுருதி | ஞாயிறு, மாலை 6.31

அனுப்பிவிட்டேன் தம்பி. இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு. எம்பி3 ஆக இருந்தாலும் சரி, பாதிதான் இருந்தாலும் சரி. இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், முதல் பஸ்ஸில் நானே ஊட்டிக்கு வருகிறேன்.