வெளிநாடு வாழ் தருமபுரி–கிருஷ்ணகிரிக்காரர் வரைபடம்: புள்ளியை எங்கே குத்துவது?

அதியமான்கோட்டை:
நம்ம இரண்டு மாவட்டத்து ஆட்கள் உலகத்தில் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று ஒரே வரைபடத்தில் போடலாம் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. எப்படிப் போடுவது என்பதற்கு என் யோசனை இது. கூகுள் படிவத்தில் நாலே கேள்வி: பெயர், வாட்ஸப் எண், சொந்த ஊர் பின்கோடு, இப்போது குடியிருக்கும் வீட்டின் அஞ்சல் குறியீடு. பதில் வந்து விழும் தாளை அப்படியே கூகுள் மை மேப்ஸில் (நாமே வரைபடம் செய்துகொள்ளும் கருவி) ஏற்றினால் புள்ளி தானாக விழும். ஓர் அடுக்கில் 2,000 வரி, மொத்தம் 10 அடுக்கு, நமக்குத் தாராளம். வளைகுடாவுக்கு ஒரு நிறம், சிங்கப்பூர்–மலேசியாவுக்கு ஒரு நிறம், அமெரிக்காவுக்கு ஒன்று.

புள்ளி வீட்டு வாசலிலேயே விழ வேண்டும் என்பது என் கட்சி. சவூதியின் தமாமில் ஒருத்தருக்கு நெஞ்சுவலி என்றால் பக்கத்துத் தெருவில் நம்மாள் இருக்கிறாரா என்று அரை நிமிஷத்தில் தெரியணும். தோராயமான வரைபடம் சுவரில் மாட்டத்தான் ஆகும்.

பாலக்கோடு தக்காளி:
வாசல் புள்ளிக்கு நான் எதிர்ப்பு. 'பென்னாகரம் பக்கம் இந்தக் கிராமம், இப்போது துபாயில்' என்று பொதுவில் போட்டால் படிக்கிறவனுக்கு என்ன புரியும்? அந்தக் கிராமத்தில் ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது, இல்லையென்றால் வயசானவர்கள் மட்டும் இருக்கிறார்கள் என்று புரியும். பொங்கலுக்கு மட்டும் திறக்கிற வீடு எது எது என்று நாமே பட்டியல் எழுதிக் கொடுக்கணுமா?

அப்புறம் அந்த 'அப்படியே ஏற்றினால்'. மை மேப்ஸ் தாளில் உள்ள எல்லா நெடுவரிசையையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். புள்ளியைத் தொட்டால் திறக்கும் அட்டையில் வாட்ஸப் எண்ணும் சேர்ந்து நிற்கும். காட்ட வேண்டியதை மட்டும் தனித் தாளில் நகலெடுத்து அதைத்தான் ஏற்றணும். இது வாசலா ஊரா என்ற சண்டைக்கு முன்னாலேயே முடிவாக வேண்டிய விஷயம்.

ஓசூர் ரோஜா:
அஞ்சல் குறியீட்டை நம்பி இறங்கினால் முதல் நாளே சிக்கல்தான். ஊருக்கு ஊர் அதற்கு அர்த்தமே வேறு.

ஐக்கிய அரபு அமீரகத்தில் அஞ்சல் குறியீடு என்ற ஒன்றே கிடையாது, தபால் பெட்டி எண்தான். அதுவும் பெரும்பாலும் கம்பெனியுடையது. அந்தக் கேள்வியைக் கட்டாயம் என்று வைத்தால் துபாய்க்காரர் ஆறு சைபர் அடித்துவிட்டுப் போவார்.

சிங்கப்பூர் நேர் எதிர். அங்கே ஆறு இலக்கம் என்பது ஒரே ஒரு கட்டடம்.

நியூஜெர்சியில் எடிசன் ஊரின் குறியீடு 08817. எக்செல், கூகுள் தாள் இரண்டுமே முன்னால் இருக்கும் சைபரை எண் என்று நினைத்துத் தின்றுவிடும். 8817 மட்டும் மிஞ்சும், புள்ளி எங்கேயோ போய் விழும். ஒட்டுவதற்கு முன்னாலேயே அந்த நெடுவரிசையை 'வெறும் எழுத்து' வடிவத்துக்கு மாற்றி வைக்கணும். ஒட்டியபின் மாற்றினால் போன சைபர் திரும்பி வராது.

நம்ம ஊர்ப் பக்கமும் சுத்தம் இல்லை. 635 என்று தொடங்கினால் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று சூத்திரம் போட்டீர்கள் என்றால் திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் எல்லாம் உள்ளே வந்துவிடும். 636-இல் தருமபுரியும் சேலமும் கலந்து கிடக்கும்.

அதியமான்கோட்டை:
சரி, அக்கா சொல்வது ஞாயம். குறியீடு வேண்டாம். கூகுள் வரைபடத்தில் அவரவர் வீட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண் வரும், அதை ஒட்டச் சொல்லிவிடலாம். நாடு, ஊர், எழுத்துப்பிழை எந்தத் தொல்லையும் இல்லை.

கே.ஆர்.பி. டேம்:
எண்ணிலும் தொல்லை உண்டு தம்பி. கூகுள் வரைபடம் அட்சரேகையை முதலில் தரும்: தருமபுரி 12.13, 78.16. வரைபடப் புள்ளிகளைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்பு வடிவம் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். மாற்றிப் போட்டால் தருமபுரி 78 டிகிரி வடக்கே, நார்வேக்கு மேலே ஸ்வால்பார்டு தீவுகளின் கரையோரம் போய் உட்காரும். பனிக்கரடி நடமாடும் இடம். ஒன்றிரண்டு வரி மாறினால் கண்ணில் பட்டுவிடும், பரவாயில்லை. சிங்கப்பூர் வரிதான் ஏமாற்றும்: 1.3, 103.8 என்பதைத் திருப்பினால் அட்சரேகை 103 ஆகிவிடும். அப்படி ஒரு இடமே இல்லாததால் மென்பொருள் அந்த வரியை ஏற்காது. ஒரு புள்ளி குறைகிறது என்பது எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

ஊர்ப் பெயரை வைத்துத் தேட விட்டாலும் மாட்டிக்கொள்வோம். தருமபுரி என்று தெலங்கானாவில் கோதாவரிக் கரையில் நரசிம்மர் கோயில் ஊர் ஒன்று இருக்கிறது. கிருஷ்ணகிரி என்று வயநாட்டில் ஒன்று. சேலம் என்று மட்டும் எழுதினால் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத் தலைநகருக்கே போய்விடும். ஆகவே சொந்த ஊருக்குத் தட்டச்சே வேண்டாம். வட்டத்தின் (தாலுகாவின்) பெயரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் வையுங்கள். தருமபுரியில் 7, கிருஷ்ணகிரியில் 8, மொத்தம் 15 பெயர். ஒவ்வொன்றுக்கும் மையப் புள்ளியை நாமே ஒரு தடவை சரிபார்த்து வைத்துவிட்டால் போதும்.

துல்லியம்: தசமப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் என்றால் சுமார் 11 கிலோமீட்டர், இரண்டு என்றால் 1.1 கிலோமீட்டர், மூன்று என்றால் 110 மீட்டர், நாலு என்றால் 11 மீட்டர், அதாவது வீடு. இரண்டோடு வெட்டிவிட்டால் தக்காளிக்கும் திருப்தி, அதியமானுக்கும் திருப்தி என்று நினைக்கிறேன்.

பாலக்கோடு தக்காளி:
எனக்குத் திருப்தி இல்லை சார். 1.1 கிலோமீட்டர் என்பது சிங்கப்பூரில் ஆயிரக்கணக்கான வீடு. அஞ்செட்டி மலைப்பக்கம் அது ஒரு முழுக் குக்கிராமம். அங்கே வெளிநாடு போனவர் ஒரே ஆள்தான் இருப்பார். டீக்கடையில் கேட்டால் வீட்டைக் காட்டிவிடுவார்கள். சிங்கப்பூர்க்காரர் தன் கட்டடத்தையே போட்டாலும் நூறு வீட்டுக்கு நடுவில் மறைந்துகொள்வார், நம்ம ஊர்க்காரர் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போட்டாலும் மாட்டிக்கொள்வார். கிலோமீட்டரை அளவுகோலாக வைப்பதே தப்பு. ஆள் எண்ணிக்கையை வைக்கணும்: ஒரு புள்ளிக்குக் கீழே குறைந்தது ஐந்து பேர். ஐந்து தேறாத ஊரை மாகாணத்தோடு சேர், அதுவும் தேறாவிட்டால் நாட்டோடு சேர்.

புள்ளியைக் கொஞ்சம் அங்கே இங்கே நகர்த்திப் போடலாம் என்று யாராவது சொல்வதற்கு முன்னால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தடவை புதுப்பிக்கும்போதும் புதிதாக நகர்த்தினால், பத்துப் பழைய நகலை எடுத்துச் சராசரி போட்டவனுக்கு அசல் இடம் கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். நகர்த்துவதாக இருந்தால் ஒரே தடவை நகர்த்தி, அந்த எண்ணையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளணும்.

அஞ்செட்டி எக்ஸ்பிரஸ்:
எங்க ஊரை உதாரணத்துக்கு இழுத்ததால நானும் பேசுறேன். ஐந்து பேர் கணக்கு கேட்க நல்லா இருக்குது. ஆனா அதுல முதல்ல காணாமப் போறவர் யாருங்க? போட்ஸ்வானாவுல ஒத்தையா இருக்கிறவர், ஐஸ்லாந்துல ஒத்தையா இருக்கிறவர். சிங்கப்பூர்ல நம்மாளுங்களைத் தேட வரைபடமே தேவையில்லை, ஞாயித்துக்கிழமை லிட்டில் இந்தியாவுல நின்னாப் போதும். ஒத்தை ஆளுக்காகத்தான் இந்த வேலையே. அவரைப் போய் 'ஆப்பிரிக்கா – 3' ன்னு மூட்டை கட்டிட்டா என்ன பிரயோசனம்?

பாலக்கோடு தக்காளி:
ஒத்தை ஆள் விரும்பினால் தன் ஊரைக் காட்டலாம், தடை இல்லை. 'என் ஊரைத் தனியாகக் காட்டலாம்' என்று ஒரு கட்டம் வைத்து, அதை டிக் செய்யாமல் விட்டு வைக்கணும். வேண்டியவர் டிக் செய்யட்டும். நாமே டிக் செய்து வைத்தால் படிக்காமல் அனுப்பிவிடுவார்கள்.

ஓசூர் ரோஜா:
அதியமான்கோட்டை சொன்ன தமாம் கதைக்கே திரும்புவோம், அதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறோம். நெஞ்சுவலிக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிடணும், நம்மாள் புள்ளியை இல்லை. ஊர்க்காரர் தேவைப்படுவது அதற்குப் பிறகு. ஆள் தவறிப்போனால் உள்ளூர் இறப்புச் சான்று, பாஸ்போர்ட் ரத்து, இந்தியத் தூதரகத்தின் தடையின்மைச் சான்று, உடல் பதப்படுத்திய சான்று, குடும்பத்தின் அதிகாரப் பத்திரம், கடைசியில் விமான சரக்குப் பதிவு. பெங்களூரில் இறக்கி ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக 44-ஆம் நெடுஞ்சாலையில் கொண்டுவருவது இதில் சுலபமான பகுதி.

இந்தக் காகிதங்களுக்குப் பக்கத்துத் தெரு உதவாது, எந்தத் தூதரக எல்லை என்பதுதான் கணக்கு. தமாம் கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது, ஆனால் வேலை நடப்பது சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி ரியாத் தூதரகத்தில். ஜித்தாவில் இருப்பது துணைத் தூதரகம், அதன் எல்லை மேற்குப் பக்கம். அமீரகத்தில் அபுதாபிக்குத் தூதரகம்; துபாய், ஷார்ஜா, மற்ற வடக்கு அமீரகங்களுக்கு துபாய் துணைத் தூதரகம். ஷார்ஜாவில் ஒருத்தருக்கு என்றால் அபுதாபிக்காரரை எழுப்பிப் பயனில்லை. ஆகவே வீட்டு வாசலுக்குப் பதில் 'தூதரக எல்லை' என்று ஒரு நெடுவரிசை போடுங்கள். வரைபடத்தில் அது வரவே வேண்டாம், பொதுவில் காட்டாத மூடிய பட்டியலில் இருந்தால் போதும்.

அதியமான்கோட்டை:
இது எனக்குத் தோன்றவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூடிய பட்டியல் என்றால் சாவி யார் கையில்? அந்த ஆள் தூங்கிக்கொண்டிருந்தால் பட்டியல் இருந்தும் இல்லாத கதைதான்.

கே.ஆர்.பி. டேம்:
மூன்று பேர், மூன்று நேர மண்டலம். ஒருத்தர் ஊரில், ஒருத்தர் சிங்கப்பூர் பக்கம், ஒருத்தர் அமெரிக்காவில். எந்த நேரத்திலும் ஒருத்தராவது விழித்திருப்பார்.

இன்னொரு வில்லங்கம் பாக்கி இருக்கிறது: சொந்த மாவட்டம். தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2. கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9. தொண்ணூறுகளில் கிளம்பிய ஓசூர்க்காரர் தன்னைத் தருமபுரி மாவட்டம் என்றே எழுதுவார், அவருடைய பழைய காகிதங்களும் அப்படித்தான் சொல்லும். அரூரில் 1960-இல் பிறந்தவர் சேலம் மாவட்டம் என்பார். மாவட்டத்தைக் கேட்கவே கேட்காதீர்கள். வட்டத்தை வாங்கி மாவட்டத்தை நாமே நிரப்பிக்கொள்ளலாம்.

அஞ்செட்டி எக்ஸ்பிரஸ்:
வட்டத்துலயும் அதே கதைதான் சார். அஞ்செட்டி முன்னாடி தேன்கனிக்கோட்டை வட்டத்துல இருந்துச்சு. பெரியவங்க அதைத்தான் தேர்ந்தெடுப்பாங்க. பட்டியலுக்குப் பக்கத்துல 'ஊர்ப்பெயர்' னு ஒரு காலிக் கட்டம் விடுங்க, மூடிய தாள்ல மட்டும். பின்னாடி திருத்திக்கலாம்.

ஓசூர் ரோஜா:
மாதாந்திர வீடியோ கூட்ட நேரத்துக்கும் இதே தாள்தான் என்பதால் ஒன்று. 'நேர வித்தியாசம்' என்று எண் கேட்காதீர்கள். நேர மண்டலத்தின் பெயரைக் கேளுங்கள். நியூயார்க் குளிர்காலத்தில் நம்மைவிட பத்தரை மணி பின்னால், கோடையில் ஒன்பதரை. அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை மாற்றும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட அந்த இரண்டு மூன்று வாரம் லண்டன்காரரும் நியூஜெர்சிக்காரரும் வழக்கமான கணக்கில் வந்தால் யாராவது ஒருத்தர் ஒரு மணி தப்பி வருவார்.

அதியமான்கோட்டை:
சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை வைத்தால் எல்லாருக்கும் சரியாக இருக்குமே?

ஓசூர் ரோஜா:
குளிர்காலக் கணக்கில் துபாய் 5 மணி, லண்டன் பகல் 1, நியூஜெர்சி காலை 8, சிங்கப்பூர் இரவு 9. இதுவரை சுகம். கலிபோர்னியா விடிகாலை 5, சிட்னி நள்ளிரவு 12. அவர்களுக்கு ஞாயிறு காலை ஏழரை வைக்கணும்: சிட்னி பகல் 1, கலிபோர்னியா சனி சாயங்காலம் 6. ஆனால் அப்போது லண்டன் இரவு 2 மணி, ரியாத் காலை 5. அதோடு சவூதியில் வார விடுமுறை வெள்ளி–சனி. ஞாயிறு அவர்களுக்கு வேலை நாள். அமீரகம் 2022 ஜனவரியிலிருந்து சனி–ஞாயிறுக்கு மாறிவிட்டது. வளைகுடா என்று ஒரே நிறம் அடித்தால் இது தெரியாமல் போகும். இரண்டு நேரத்தையும் மாதம் மாற்றி மாற்றி வைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பாலக்கோடு தக்காளி:
அப்படியானால் பொது வரைபடத்துக்கு: வட்டம், வசிக்கும் நகரம், நாடு. பெயர் கிடையாது, எண் கிடையாது. ஐந்துக்குக் கீழே இருந்தால் நாட்டோடு சேர்ப்பது, டிக் செய்தவர் விதிவிலக்கு. மூடிய தாளுக்கு: பெயர், எண், ஊர்ப்பெயர், தூதரக எல்லை, நேர மண்டலம், பதிந்த தேதி. வருஷத்துக்கு ஒரு தடவை 'இன்னும் அங்கேதான் இருக்கிறீர்களா' என்று கேட்டு, பதில் வராத வரியைச் சாம்பல் நிறமாக்கணும். பெங்களூருக்குத் திரும்பி வந்து இரண்டு வருஷம் ஆனவரை ரியாத் உதவிக்குக் கூப்பிடக் கூடாது.

அஞ்செட்டி எக்ஸ்பிரஸ்:
ஐந்துங்கறதை மூணாக் குறைங்க. மத்ததுக்கு ஓகே.

பாலக்கோடு தக்காளி:
மூன்று முடியாது. கணவன், மனைவி, மைத்துனர் என்று ஒரே வீட்டிலேயே மூன்று வந்துவிடும்.

அஞ்செட்டி எக்ஸ்பிரஸ்:
அப்ப ஆளை எண்ணாம வீட்டை எண்ணுங்க. மூணு வீடு.

கே.ஆர்.பி. டேம்:
வீட்டை எண்ண முகவரி வேண்டும், அதைத்தான் வாங்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டோமே. ஐந்தோடு ஓட்டிப் பார்ப்போம். அதியமான், சோதனைத் தாளில் எடிசன் வரி இன்னும் 8817 என்றே நிற்கிறது. முதலில் அந்த நெடுவரிசையையே அழித்துவிடுங்கள்.