ஜிக்ஜாக் மெஷினில் துணிக்கு அடியில் நூல் சிக்குகிறது, டயல்களும் புரியவில்லை

ஊசிநூல்:
வணக்கம். மிதி மெஷினில் நேர்த் தையல் மட்டும் போட்டுப் பழகியவள் நான். புடவைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரத்தில் நெருக்கமான ஜிக்ஜாக் தையலான பீகோ அடிக்கலாம் என்று கரண்டில் ஓடும் பழைய ஜிக்ஜாக் மெஷின் ஒன்று வாங்கினேன், கூட விளக்கப் புத்தகம் எதுவும் இல்லை. மேலே தையல் அழகாக விழுகிறது, துணியைத் திருப்பினால் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டு கிடக்கிறது. அடிநூல் உருளையை (பாபின்) வைக்கிற பாபின் கேஸின் திருகை இறுக்கியும் பார்த்தாயிற்று. அப்புறம் 4 வரை ஒரு டயல், 5 வரை ஒன்று, 9 வரை ஒன்று. எது எதற்கு?

கத்தரிக்கோல்:
அக்கா, பாபின் திருகை இப்போதைக்குத் தொடாதீர்கள். அடியில் சிக்கினால் பெரும்பாலும் கோளாறு மேலேதான். மேலே சிவப்பு நூல், பாபினில் வெள்ளை நூல் போட்டு ஒரு துண்டுத் துணியில் தைத்துப் பாருங்கள், அடியில் சுருண்டிருப்பது சிவப்பு என்றால் மேல்நூலுக்குப் பிடிப்பு இல்லை என்று அர்த்தம். துணியை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவிட்டு நூலைக் கோத்துப் பாருங்கள், அப்போதுதான் மேல்நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகள் விலகி நூல் நடுவில் இறங்கும். ஃபுட் கீழே இருக்கும்போது கோத்தால் நூல் தட்டுகளுக்குள் போகாமல் வெளியிலேயே நிற்கும், டென்ஷன் டயலை 9 வரை திருப்பினாலும் பிரயோஜனம் இல்லை. மேலும் கீழும் ஆடுகிற கம்பியின் துளையிலும் நூல் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

9 வரை இருப்பது டென்ஷன், 4இல் வைத்து ஆரம்பிக்கலாம். 4 வரை இருப்பது தையல் நீளம், மில்லிமீட்டர் கணக்கு, சாதாரணத் தையலுக்கு 2.5 போதும். 5 வரை இருப்பது ஜிக்ஜாக் அகலமாக இருக்கும், அதை 0இல் வைத்தால் நேர்த் தையல்.

காஜாபட்டன்:
முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. அகல டயலைத் திருப்பும்போது ஊசி துணிக்கு வெளியே இருக்க வேண்டும், உள்ளே இருந்தால் வளையும் அல்லது ஒடியும். ஊசி இறங்குகிற தகட்டில் ஓட்டை நீளமாக இருக்கிறதா என்றும் பாருங்கள், சின்ன வட்ட ஓட்டை என்றால் அது நேர்த் தையலுக்கான தகடு, ஜிக்ஜாக் போட்டால் ஊசி இடிக்கும். கைச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பார்த்த பிறகு கரண்டில் ஓட்டுங்கள். ஜார்ஜெட்டுக்கு 11ஆம் நம்பர் ஊசி, காட்டனுக்கு 14.

ஊசிநூல்:
சிவப்புதான் வந்தது தம்பி! ஃபுட்டைத் தூக்கிக் கோத்ததும் அடித் தையல் சரியாகிவிட்டது. ஆனால் இறுக்கிய பாபின் திருகைப் பழையபடி எப்படி வைப்பது?

கத்தரிக்கோல்:
நூலைப் பிடித்து பாபின் கேஸைத் தொங்கவிடுங்கள். தானாகச் சரசரவென்று இறங்கினால் லூஸ், உதறியும் இறங்கவில்லை என்றால் டைட். சும்மா தொங்கி, லேசாக உதறினால் மட்டும் கொஞ்சம் இறங்கினால் சரி. திருகை ஒரேயடியாகத் திருப்ப வேண்டாம், கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பீகோவுக்கு நீளத்தை 1க்குக் கீழே வையுங்கள்.