மாலை வகுப்பைப் பிரிப்பதா, ஒன்றாகவே நடத்துவதா? (விவாத இழை)

மாலை வகுப்பு ஆசிரியை:

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் கோயில் மண்டபத்தில், வளர்ந்தோருக்கான மாலை வகுப்பு ஒன்றை ஏழு மாதங்களாக நடத்தி வருகிறேன். இருபத்திரண்டு பேர் வருகிறார்கள். பள்ளிக்கூடப் படியை மிதித்தே இராத அறுபது வயது ஆத்தா ஒருவர் இருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு நின்று, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு, பிறகு கொழுந்துக் கூடையைத் தூக்கியவர்கள் அதிகம். வளைகுடாவில் பத்து ஆண்டுகள் வீட்டுவேலை செய்து, அரபும் சிங்களமும் தண்ணீர்பட்ட பாடாகப் பேசிக்கொண்டு, பஸ்ஸின் தமிழ்ப் பெயர்ப்பலகையை மட்டும் வாசிக்கத் தெரியாமல் திரும்பியவர்கள் மூவர். கொழும்புக் கடைகளில் நின்றுவிட்டு வந்து, சாதாரண தரப் பரீட்சையின் கணிதத் தாளை மறுபடி எழுத நினைக்கும் பையன்கள் ஐவர்.

இவர்கள் எல்லோருக்கும் ‘அ’, ‘ஆ’ என்று ஒரே பலகையில் எழுதிப் போட்டால், பையன்கள் கைப்பேசியைப் பார்க்கிறார்கள், ஆத்தா மட்டும் எழுதுகிறார். அதனால் அடுத்த மாதம் முதல் எழுத்துக் குழு, சிங்களப் படிவக் குழு, கணிதக் குழு என்று மூன்றாகப் பிரித்து, சம்பளத் துண்டோ, ஓய்வுக்காலச் சேமிப்பான சேமலாப நிதியின் கடிதமோ, அவரவர் கொண்டுவரும் காகிதத்திலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம் என்று எண்ணுகிறேன். அனுபவம் உள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற அதிபர்:

டீச்சர், உங்கள் உழைப்பை மதிக்கிறேன், ஆனால் இந்தப் பிரிப்பை எதிர்க்கிறேன். வரிசை வீடுகளான லயத்து வாழ்க்கை உங்களுக்குத் தெரியாததன்று. ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். ‘எழுத்துக் குழு’ என்று ஒரு மூலையில் நீங்கள் உட்கார வைத்தவர்கள் யார் யார் என்பது மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்பே மலை முழுவதற்கும் தெரிந்துவிடும். இரண்டாம் வாரம் அந்த மூலை காலியாக இருக்கும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. ‘தேவைக்கேற்ற கல்வி’ என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அச்சம் வருகிறது. 1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கும் வரை நம் தோட்டப் பள்ளிக்கூடங்கள் எப்படி இருந்தன? ஒரு மடுவம் (கொட்டகை), ஓர் ஆசிரியர், எழுதவும் வாசிக்கவும் கூட்டவும் கொஞ்சம், ஐந்தாம் வகுப்போடு சரி. கொழுந்து பறிப்பவருக்கு இதற்கு மேல் எதற்கு என்ற எண்ணந்தான் அந்த ஏற்பாட்டுக்கு அடியில் இருந்தது. இப்போது நீங்கள் அன்போடு சம்பளத் துண்டை எடுத்து முன்னால் வைக்கிறீர்கள். எல்லையைக் கீறும் கை மாறியிருக்கிறதே ஒழிய, எல்லை மாறவில்லை.

மாலை வகுப்பு ஆசிரியை:

ஐயா, மூலையைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். மாமியாரும் மருமகளும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள், ஒருவர் முன் மற்றவர் வாய்விட்டு வாசிக்க மறுக்கிறார்கள் என்பதையும் நான் கண்டிருக்கிறேன்.

சம்பளத் துண்டைப் பற்றிச் சொன்னதை மட்டும் ஏற்க முடியவில்லை. ஒரு அம்மாவின் பெயர் (மாற்றிச் சொல்கிறேன்) அடையாள அட்டையில் ‘மாரியாயி’, சேமலாப நிதிப் பதிவில் ‘மரியாய்’, பிறப்புப் பதிவில் வேறொன்று. மாதந்தோறும் அவருடைய சம்பளத்தில் 8 வீதமும் தோட்டத்தின் பங்காக 12 வீதமும் அந்த நிதிக்குப் போயிருக்கின்றன. பெண்கள் 50 வயதில் எடுக்கலாம் என்ற பணத்துக்கு, இந்த எழுத்து வேறுபாட்டால் 54 வயதிலும் அலைகிறார். தன் பெயரை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்திருந்தால், பிழையான பதிவின் கீழ் முப்பது ஆண்டுகளுக்கு முன் பெருவிரலை வைத்திருக்க மாட்டார். அவரிடம் போய், உங்கள் தேவை சிறியது, நான் பெரிதாக ஒன்று கற்பிக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

ஹட்டன் வாசகர்:

இடையில் ஒரு யோசனை. சிலர் கண்ணால் பார்த்துக் கற்பார்கள், சிலர் காதால் கேட்டுக் கற்பார்கள் என்கிறார்களே, அந்த அடிப்படையில் பிரித்தால் யாருக்கும் வெட்கம் இராதே?

கல்வியியல் மாணவி:

அந்த வழி வேண்டாம். அப்படி வகைப்படுத்தி, வகைக்கேற்பக் கற்பித்தால் கற்றல் கூடுகிறது என்பதற்குத் தகுந்த சான்று இல்லை என்று ஹரோல்ட் பாஷ்லர் உள்ளிட்ட உளவியலாளர் நால்வர் 2008 இலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். ஆயினும் பயிற்சிப் பட்டறைகளில் இன்னும் அந்த வினாத்தாளைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மால்கம் நோல்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளரை இந்த விவாதத்தில் நினைக்கவேண்டும். வளர்ந்தவர்கள் தமக்கு வேண்டியதைத் தாமே அறிந்து, தம் வாழ்க்கைச் சிக்கலிலிருந்து தொடங்கிக் கற்பவர்கள் என்று சொல்லி, குழந்தைக் கல்வியையும் வளர்ந்தோர் கல்வியையும் 1970 இல் எதிரெதிராக நிறுத்தினார். 1980 இல் நூலைத் திருத்தியபோது அந்த எதிர்நிலையைக் கைவிட்டு, ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் வழியாக அதை மாற்றிக்கொண்டார். நம் வகுப்புகளில் இது கண்ணுக்குத் தெரிகிறது. என்ன படிக்க விருப்பம் என்று கேட்டால், “நீங்களே சொல்லுங்க டீச்சர்” என்பதுதான் முதல் விடை. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் சொன்னபடி நடந்த வாழ்க்கையில், உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆகவே ஆசிரியை முதல் நாளில் கேட்டு எழுதிக்கொண்ட தேவைப் பட்டியலை நான் அவ்வளவாக நம்பமாட்டேன். ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்டால் வரும் விடையே கணக்கில் எடுக்கத்தக்கது.

ஓய்வுபெற்ற அதிபர்:

மாணவி சொல்வது என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் அங்கே மாவட்ட ஆட்சியராக இருந்தார். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள், ஆயிரக்கணக்கானோர் ஓட்டினார்கள். முன்கூட்டியே ஒரு தேவைக் கணிப்பு எடுத்திருந்தால், எனக்குச் சைக்கிள் வேண்டும் என்று எத்தனை பெண்கள் சொல்லியிருப்பார்கள்? சிலவற்றைக் கண்ட பிறகுதான் அவை வேண்டும் என்றே தோன்றும்.

சிங்களப் படிவக் குழுவுக்கும் வருகிறேன். 1987 இல் 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி ஆயிற்று. படிவத்தைத் தமிழில் தரவேண்டியது அலுவலகத்தின் கடமை. அதைத் தராமல் விட்டுவிட்டு, அறுபது வயது ஆத்தாவைச் சிங்கள எழுத்துப் படிக்க உட்கார வைத்து, அதற்குக் ‘கற்பவரின் தேவை’ என்று பெயரும் சூட்டுவதா? அலுவலகத்தின் குற்றத்தை அவர் தலையில் ஏற்றுகிறீர்கள், டீச்சர். அவருடைய உண்மையான தேவை, தமிழ்ப் படிவம் கொடுங்கள் என்று கேட்டு எழுதும் கடிதம்.

மாலை வகுப்பு ஆசிரியை:

இந்த இடத்தில் நான் தடுமாறுகிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடிதத்துக்குப் பதில் வரும் வரை அந்தப் படிவத்தை யார் நிரப்புவார்கள்? இப்போது கடைத்தெருவில் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு நிரப்புகிறார், அதிலும் பெயர் பிழைக்கிறது.

சுகாதார உதவியாளர்:

எல்லோரும் மனத்தைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் பேசுகிறீர்கள். கண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. நாற்பதைக் கடந்தவர்களுக்கு வெள்ளெழுத்து வரும், ஊசியில் நூல் கோக்க முடியாதவருக்குக் கொப்பியில் உள்ள ‘ண’வும் ‘ன’வும் எப்படித் தெரியும்? அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில், நாற்பதும் அதற்கு மேலும் வயதான 751 தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் முதலில் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2018 இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியாயின. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த கொழுந்து, மற்றவர்களோடு ஒப்பிட ஏறத்தாழ 22 வீதம் அதிகமாக உயர்ந்திருந்தது. கொழுந்துக்கே அப்படியென்றால் எழுத்துக்குச் சொல்லவேண்டியதில்லை. உங்கள் வகுப்பில் ‘மெதுவாகக் கற்பவர்கள்’ என்று நீங்கள் குறித்து வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்குக் கண் பரிசோதித்திருக்கிறது? மண்டபத்தில் எத்தனை மின்குமிழ்கள் எரிகின்றன?

மாலை வகுப்பு ஆசிரியை:

இரண்டு. ஒன்று சாமிக்கு மேலே. கண் பரிசோதனையை நான் நினைக்கவே இல்லை, வெட்கமாக இருக்கிறது.

கொழும்பில் இருக்கும் மகன்:

வணக்கம். டீச்சரின் வகுப்புக்குப் போகிறவர்களில் என் அம்மாவும் ஒருவர். நேற்று இந்த இழையைத் தொலைபேசியில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். நான்கு மணி வரை மலையில் நின்று, கொழுந்து நிறுத்து, விறகு பொறுக்கி, அடுப்பு மூட்டிவிட்டு ஆறரைக்கு வந்தால் ‘ஆ’ போடும்போதே தூக்கம் வருகிறதாம், அதனால் ஞாயிறு பகலில் வைத்தால் நல்லது என்கிறார். குழுப் பிரிப்பைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. சம்பளத் துண்டை நான் பார்த்துச் சொல்வதே தனக்குப் போதும் என்கிறார். அவருக்கு வேண்டியது, மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தின் பாட்டு. தாத்தா எழுதி வைத்த கொப்பி ஒன்று வீட்டில் இருக்கிறது. ஆண்கள் மட்டுமே அதைப் பார்த்துப் பாடினார்களாம்.

ஓய்வுபெற்ற அதிபர்:

அந்தக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள், தம்பி. டீச்சர், இந்தத் தேவையை எந்தக் குழுவில் போடுவீர்கள்?

கல்வியியல் மாணவி:

ஐயா வெற்றி பெற்றதாக எண்ணவேண்டாம். ஒரே பாடத்திட்டம் வைத்திருந்தாலும் அந்தக் கொப்பி வெளியே வந்திராது. கல்வியாளர் பாவுலோ ஃபிரேரே பிரேசிலின் அங்கிகோஸ் என்ற ஊரில் 1963 இல் ஏறத்தாழ 300 பேருக்கு எழுத்தறிவித்தபோது, அந்த ஊரார் புழங்கும் சொற்களைக் கேட்டுத் திரட்டி அவற்றிலிருந்தே தொடங்கினார். நமக்கும் அப்படி ஒரு சொல் இருக்கிறது: பேர். அது நம்முடைய பெயர், அதுவே ஒரு நாள் சம்பளமும். இன்றைக்குப் பேர் விழுந்ததா, அரைப்பேர்தானா என்று கேட்காத லயம் உண்டா? அந்தச் சொல்லைப் பலகையில் எழுதினால் ஆத்தாவுக்கு அது எழுத்துப் பாடம், பையன்களுக்கு வீதக் கணக்கு, ஐயாவுக்கு உரிமைப் பேச்சு. யாரையும் பிரிக்கவேண்டியதில்லை, எல்லோருக்கும் ஒன்றையே புகட்டவேண்டியதும் இல்லை.

ஓய்வுபெற்ற அதிபர்:

நல்ல சொல். ஆனால் பையன்களின் பரீட்சைத் தாளில் பின்னமும் கேத்திர கணிதமும் வரும், அரைப்பேர் வராது. அவர்களை இந்த மண்டபத்தில் வைத்துக் காலத்தை வீணாக்காமல், பாடசாலை ஆசிரியர் ஒருவரிடம் தனியே அனுப்புங்கள். பிரிப்பு வேண்டாம் என்று தொடங்கிய நான் இதைச் சொல்வது முரண்தான்.

மாலை வகுப்பு ஆசிரியை:

பையன்களுக்கு ஆசிரியர் ஒருவரைக் கேட்டிருக்கிறேன். படிவம் நிரப்புவதை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டு, மாதத்தில் ஒரு நாள் கூட இருந்து உதவும் வேலையாக மாற்றுகிறேன், கூடவே தமிழ்ப் படிவம் கேட்கும் கடிதமும் போகும். மற்றவர்கள் ஒன்றாகவே இருப்பார்கள். சம்பளத் துண்டிலிருந்து தொடங்கினால் பழைய எல்லைக்குள்ளேயே நிற்போம் என்ற ஐயாவின் கருத்தை மட்டும் நான் ஏற்கவில்லை, பெயர்ப் பிழையை வகுப்பில் எடுக்கத்தான் போகிறேன்.

ஞாயிறு பகல் ‘பேர்’ எழுதினோம். கொழுந்துப் பெண் ஒருவர் அதோடு நிறுத்தாமல் ‘அரைப்பேர்’ எப்படி எழுதுவது என்று கேட்டார். போன மாதத் துண்டில் அவருக்கு நான்கு அரைப்பேர் விழுந்திருக்கின்றனவாம், தன் கணக்கில் மூன்றுதானாம்.