அந்த 15 விநாடி

ஐ.சி.யூ.வில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. ஒரு அம்மாவை மட்டும் மறக்க முடியவில்லை. குடல் ஆபரேஷன் முடிந்து நன்றாகத் தேறி வந்தார். ஆறாம் நாள் இரவு, கழுத்து சென்ட்ரல் லைனில் (பெரிய ரத்தக் குழாய்க்குள் போடும் மெல்லிய குழாய்) நான் மருந்து போட்ட அரை மணி நேரத்தில் கட்டிலே ஆடும் அளவுக்கு நடுக்கம், ஜுரம். லைனிலிருந்தும் கையிலிருந்தும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பினோம். கையில் எடுத்ததைவிட லைனில் எடுத்த பாட்டிலில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் முந்திக்கொண்டு கிருமி வளர்ந்தது. லைன் வழியாகத்தான் போயிருக்கிறது என்பதற்கு அது முக்கியமான அடையாளம். லைனை எடுத்து, மருந்தை மாற்றி, பிழைக்க வைத்தார்கள். ஆனால் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியவர் மேலும் பதினெட்டு நாள் படுத்திருந்தார்.

அன்று லைனின் ஹப்பை, அதாவது மருந்து ஏற்றும் வாயை, சரியாகத் துடைத்தேனா? இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சில மாதம் கழித்து எங்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். ஒரு டம்மி லைனின் ஹப்பில் ஏதோ ஜெல்லைத் தடவி, "வழக்கம்போலத் துடையுங்கள்" என்றார்கள். ஸ்பிரிட் பஞ்சால் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்தேன். அப்புறம் அறை விளக்கை அணைத்து புற ஊதா விளக்கைக் காட்டினார்கள். துடைபடாத ஜெல் மரை இடுக்கெல்லாம் பளிச்சென்று ஒளிர்ந்தது. எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் வந்தது. 15 விநாடி அழுத்தித் தேய்க்க வேண்டும், காயும்வரை ஊசியை வைக்கக் கூடாது. அன்றிலிருந்து மனதுக்குள் எண்ணித்தான் துடைக்கிறேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்ததையும் அன்று சொன்னார்கள். டாக்டர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் குழு நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்களில் ஐந்தே விஷயங்களை விடாமல் செய்ய வைத்தது: கை கழுவுதல், லைன் போடும்போது முழு உடல் மறைப்பு, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடைத்தல், முடிந்தவரை தொடையில் லைன் போடாமை, தேவையில்லாத லைனை எடுத்துவிடுதல். 1000 லைன் நாளுக்கு (ஒருவருக்கு ஒரு நாள் லைன் இருந்தால் ஒரு லைன் நாள்) சராசரியாக 7.7 ஆக இருந்த தொற்று, ஒன்றரை வருடத்தில் 1.4 ஆனது. ஏதாவது ஒரு படி விட்டுப்போனால் டாக்டரையே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அங்கே நர்ஸுக்கு இருந்தது.

அதைக் கேட்பது சுலபம். ஒரு நாள் சீனியர் டாக்டர் லைன் போடும்போது கையுறை கட்டில் கம்பியில் பட்டது. "சார், கிளவுஸ் மாத்திக்கலாம்" என்றேன். முறைத்தார். பின்னாலிருந்து எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர், "அவ சொல்றது சரிதான் சார்" என்றார். மாற்றினார். அந்தக் குரல் இல்லாவிட்டால் அடுத்த முறை நான் வாய் திறந்திருக்க மாட்டேன். பயிற்சி எவ்வளவு கொடுத்தாலும், மேலே இருப்பவர் துணை நிற்காவிட்டால் வீண்.

பதில்:

அக்கா, என் அப்பாவுக்குக் கழுத்து லைனில்தான் டயாலிசிஸ். மூடியைத் திறக்கும்போது நோயாளிக்கும் மாஸ்க் வேண்டும் என்று ஒரு சிஸ்டர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். போன மாதம் புதிதாக வந்த பெண் அப்படியே திறக்கப் போக, அப்பாவே கையைக் காட்டி, "அம்மாடி, ரெண்டு பேருக்கும் மாஸ்க்" என்றார். அந்தப் பெண் கோபப்படவில்லை. எனக்குத்தான் படபடப்பாக இருந்தது, தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்று.

பதில்:

அப்பா செய்தது ரொம்பச் சரி தங்கச்சி. கை ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைப்பது) தயாரானதும் லைனை எப்போது எடுப்பார்கள் என்றும் டாக்டரிடம் கேளுங்கள். நாங்களும் தினமும் ரவுண்ட்ஸில் ஒவ்வொரு கட்டிலுக்கும் கேட்கிறோம், இந்த லைன் இன்றைக்கும் வேண்டுமா என்று. போன வாரம் அப்படிக் கேட்டே மூன்று லைனை எடுத்தோம்.