பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை, அம்மாவுக்கு இளைப்பு – என்ன செய்யலாம்?

வேளச்சேரி வாடகை:
தரைத்தள வீடு. ஐப்பசி மழை பிடிச்சதிலிருந்து பீரோவுக்குப் பின்னால சுவரெல்லாம் கறுப்புப் புள்ளி, ஒரே முடைநாத்தம். உள்ள இருக்கற பட்டுப்புடவை மேலயும் சாம்பல் மாதிரி படிஞ்சிருக்கு. அம்மா ஆஸ்துமாக்காரங்க. அந்த ரூம்ல படுத்தா விடியக்காலம் இளைப்பு வந்துடுது, அக்கா வீட்டுக்குப் போனா சுகமா இருக்காங்க. ப்ளீச்சிங் பவுடர் கரைச்சு அடிச்சும் திரும்ப வந்துடுச்சு. ஓனர் பெயின்ட் அடிச்சுத் தர்றேங்கிறார். சரியாகுமா?

கொத்தனார் மகன்:
ஆகாதுங்க. ஈரத்தை நிறுத்தாம பெயின்ட் அடிச்சா அடுத்த மழைக்கே உரிஞ்சு வரும். அலுமினியம் ஃபாயில் ஒரு துண்டை சுவர்ல நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ரெண்டு நாள் விடுங்க. சுவரைப் பார்த்த பக்கம் வேர்த்திருந்தா தண்ணி சுவருக்குள்ள இருந்து வருது. ரூம் பக்கம் வேர்த்திருந்தா காத்தோட்டம் போதலை. அப்படின்னா பீரோவை அரையடி தள்ளி வெச்சாலே கொஞ்சம் குறையும்.

வேளச்சேரி வாடகை:
சுவர்ப் பக்கம்தான் சொட்டச் சொட்ட ஈரம். அந்தப் பக்கம் பாத்ரூம்.

கொத்தனார் மகன்:
அப்போ பாத்ரூம் பைப், இல்லேன்னா டைல்ஸ் இடுக்கு. ஓனர்கிட்ட பிளம்பரைக் கேளுங்க, பெயின்டரை இல்ல.

லேப் டெக்னீஷியன்:
அம்மாவை இப்போதைக்கு வேற ரூம்ல படுக்க வைங்க. பூஞ்சை விடற வித்து கண்ணுக்குத் தெரியாது. அஸ்பர்ஜில்லஸ்னு ஒரு வகைப் பூஞ்சையோட வித்து 2, 3 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), மூக்கு மயிர்ல சிக்காம நுரையீரல் அடிவரைக்கும் போயிடும். ப்ளீச்ல செத்த வித்தும் அலர்ஜி கொடுக்கும், அதனால கொல்றதைவிடத் துடைச்சு எடுக்கறதுதான் முக்கியம். காய்ஞ்சதைச் சுரண்டாதீங்க, மொத்தமா பறக்கும். ஃபேனை நிறுத்தி, என்95 மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணில நனைச்சுத் துடைங்க. ப்ளீச்சோட பாத்ரூம் ஆசிடை மட்டும் கலந்துடாதீங்க, குளோரின் வாயு வரும்.

நுரையீரல் டாக்டரைப் பாருங்க. ஆஸ்துமா இருக்கறவங்க சிலருக்கு இந்த அஸ்பர்ஜில்லஸாலேயே ஏபிபிஏன்னு ஒரு அலர்ஜி வரும். பழுப்பா கட்டிச் சளி வருதான்னு கவனிச்சு டாக்டர்கிட்ட சொல்லுங்க. அலர்ஜி இருந்தா ரத்தத்துல கூடற ஐஜிஇ அளவைப் பார்க்கப் பரிசோதனை எழுதுவாங்க.

வேளச்சேரி வாடகை:
காத்துல எவ்வளவு வித்து இருக்குன்னு டெஸ்ட் பண்ணலாமா?

லேப் டெக்னீஷியன்:
வீண் செலவுங்க. இவ்வளவு இருந்தா ஆபத்துன்னு உலக சுகாதார நிறுவனமே 2009 வழிகாட்டுதல்ல அளவு எதுவும் வைக்கலை, ஈரத்தை நிறுத்துங்கன்னுதான் சொல்லுது. அந்தக் காசுல ஈரப்பதம் காட்டற மீட்டர் ஒண்ணு வாங்குங்க, 60 சதவீதத்துக்குக் கீழ இருந்தா நல்லது.

கொத்தனார் மகன்:
புடவையை வீட்டுக்குள்ள உதறாதீங்க. மொட்டைமாடி நிழல்ல விரிச்சுத் துடைங்க, அம்மா பக்கத்துல வேண்டாம்.