மீத்தேன் கணக்கு: வயலிலிருந்தா, வானிலிருந்தா?

காவேரிப்பாக்கம் ஏரிக்கரையான்:
காட்பாடி மாணவி சென்ற வாரம் இங்கே பகிர்ந்த வரைபடத்தில், பழைய வடாற்காடு முழுவதும் ஆண்டு முழுக்க மீத்தேன் மிகுந்த பகுதியாகச் சிவந்திருந்தது. காற்றில் உள்ள மீத்தேன் செறிவிலிருந்து, அது எங்கிருந்து எவ்வளவு வந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணித்த முடிவு என்பதற்காக மட்டுமே அதை ஏற்க என்னால் இயலவில்லை. இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 3.78 கோடி டன் மீத்தேனை விடுவதாக வெளிநாட்டில் மதிப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. 1991-இல் இயற்பியலாளர் ஏ. பி. மித்ரா தலைமையில் நம் ஆய்வாளர்கள் வயல்களில் இறங்கி அளந்தபோது அது சுமார் 40 லட்சம் டன்னாகச் சுருங்கியது. நானும் ஏரிப் பாசன வயலில் அளந்திருக்கிறேன். பயிரின் மேல் அக்ரிலிக் பெட்டியைக் கவிழ்த்து, அதன் அடி நீரில் அமர்ந்ததும், கால் மணிக்கு ஒரு முறை சிரிஞ்சால் காற்றை உறிஞ்சுவோம். கால் சேற்றில் அழுந்தினாலே குமிழிகள் எழுந்து அளவைக் கெடுத்துவிடும் என்பதால், பலகை போட்டு அதன் மேல் நின்றுதான் எடுப்போம்.

காட்பாடி மாணவி:
ஐயா, அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் 2008 முதல் 2017 வரையிலான உலகக் கணக்கில், வயல், சதுப்பு நிலம் என ஒவ்வொரு மூலமாகக் கூட்டிய தொகை ஆண்டுக்கு 73.7 கோடி டன். காற்றிலிருந்து கணித்ததோ 57.6 கோடி டன். முதல் தொகை உண்மையானால் வளிமண்டலத்தில் மீத்தேன் இன்னும் வேகமாக ஏறியிருக்க வேண்டும். ஒரே நீர்நிலையைச் சதுப்பு நிலம் என்று ஒரு முறையும் ஏரி என்று மறுமுறையும் எண்ணியது அந்த மிகைக்கு ஒரு காரணம். 2007-க்குப் பிறகு மீத்தேனில் கார்பன்-13 என்னும் கனமான கார்பன் குறைந்து வருகிறது. நுண்ணுயிர்கள் உண்டாக்கும் மீத்தேனில் அது குறைவு என்பதால், இதுவும் நுண்ணுயிர் மூலங்கள் பெருகியிருப்பதையே காட்டுகிறது.

காவேரிப்பாக்கம் ஏரிக்கரையான்:
அந்த 57.6 கோடி, காற்றில் மீத்தேன் அழியும் அளவு இவ்வளவு என்று நீங்கள் எடுத்துக்கொண்டதைப் பொறுத்ததல்லவா? மீத்தேனில் பத்தில் ஒன்பது பங்கை அழிக்கும், காற்றில் உள்ள ஹைட்ராக்சில் என்னும் வினைத்துகள் ஒரு நொடிகூட நிலைப்பதில்லை. அதை உலக அளவில் நேரடியாக அளக்க முடியாமல், மெத்தில் குளோரோஃபார்ம் என்னும் தொழிற்சாலைக் கரைப்பான் காற்றில் தேயும் வேகத்திலிருந்து ஊகித்தார்கள். ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கையால் தடைசெய்யப்பட்ட அந்தப் பொருளும் இன்று காற்றில் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. ஹைட்ராக்சில் நூற்றில் ஒரு பங்கு மாறினால் கணக்கு 50 லட்சம் டன் அளவுக்கு நகரும், அதாவது இந்திய நெல் வயல்கள் அனைத்தையும் விடக் கூடுதலாக. ஹைட்ராக்சில் இலேசான கார்பன் உள்ள மீத்தேனைச் சற்று விரைவாக அழிப்பதால், மூலங்கள் பெருகாமல் ஹைட்ராக்சில் குறைந்தாலும் கார்பன்-13 பங்கு இறங்கும்.

ஆரணி விவசாயி:
இருவருக்கும் வணக்கம். சொர்ணவாரி, நவரை ஆகிய இரு நெல் போகங்களுக்கும் எங்களுக்குக் கிணற்று நீர்தான். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் மட்டுமே மோட்டார் ஓடும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகவே விடுகிறோம், மண்ணில் மயிரிழை வெடிப்பு கண்ட பிறகே மடையைத் திறக்கிறோம். சம்பாவில்தான் மழையால் வயல் நிறைந்து நிற்கும். உங்கள் கணினிக் கணக்கில் மூன்று போகமும் நீர் நிற்பதாக எழுதியிருக்கிறதா?

காட்பாடி மாணவி:
ஆம் ஐயா, கணிப்பைத் தொடங்க நானே முதலில் ஊகித்துக் கொடுக்கும் தொடக்க மதிப்பில் அப்படித்தான் எழுதியிருந்தேன். 2017-இல் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோளின் கருவியால் மேகத்துக்குக் கீழே மீத்தேனைக் காண இயலாது. வயலில் நீர் நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் நம் வானமும் மூடிக்கிடக்கிறது. அளவை கிடைக்காத மாதங்களில் கணிப்பு, நான் கொடுத்த தொடக்க மதிப்பையே எனக்குத் திருப்பித் தந்திருக்கிறது. அதைப் பிரித்துக் காட்டாமல் வரைபடத்தை வெளியிட்டது என் பிழை. ஆயினும் மொத்தத்துக்கு வரம்பு கட்டுவது காற்றுதான் என்பதில் நான் மாறவில்லை, ஏனெனில் மாட்டுத் தொழுவமும் குப்பைமேடும் வயலில் கவிழ்த்த பெட்டிக்குள் வருவதில்லை. தாங்கள் மோட்டார் ஓட்டிய நாட்களைக் குறித்து வைத்திருந்தால் அனுப்புங்கள். நவரைக்கு மட்டும் முதலில் திருத்தி ஓட்டிப் பார்க்கிறேன்.

ஆரணி விவசாயி:
இரண்டு போகத்துக்கான குறிப்பு நாட்காட்டித் தாள்களில் இருக்கிறது. இன்று மாலை படமெடுத்து இங்கேயே போடுகிறேன்.